அண்ணனின் திருகிய பல்

என் வேலை பல் செய்வது. நான் பல் மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நாங்கள் லேபில் செய்து திருப்பி அனுப்புவோம். சிதம்பரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் லேப் இருக்கிறது. வீடு கடலூரில். எட்டு வருடமாகத் தினமும் அதே பஸ். நோயாளியின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. ஒரு அச்சு, ஒரு வேலைச் சீட்டு, நிறத்துக்கு ஒரு எண். எங்களிடம் வந்து சேரும் மனிதன் அவ்வளவுதான்.

முகம் தெரிந்து நான் செய்த பற்கள் என் அண்ணனுடையவை மட்டும்.

அண்ணன் ட்ராம்போன் வாசிப்பவன். ஜாஸ் வாசிப்பவன். இதைக் கடலூரில் சொன்னால் மூன்று பதில்களில் ஒன்று வரும். கல்யாண பேண்டா? சாவுக்கு வாசிப்பாங்களே, அதுவா? அது ஒரு வேலையா? மூன்றாவதைக் கேட்டவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். அவர் இறக்கும்வரை அதைக் கேட்டார்.

கடலூர் ஓல்டு டவுனில் எங்கள் சர்ச்சின் பேண்டில் ஒரு ட்ராம்போன் ஆளில்லாமல் கிடந்தது. அதன் ஸ்லைடைக் கடைசிவரை நீட்டினால்தான் சில சுரங்கள் வரும். அதற்கு நீளமான கை வேண்டும். அண்ணனுக்குக் கை நீளம். அவன் அதை எடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. பிறகு பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலில் சனிக்கிழமை தோறும் ஐந்து பேருடன் வாசித்தான். ஜாஸ் அங்கேதான் அவனைப் பிடித்தது. அதன் பிறகு ஒரு மெல்லிசைக் குழு, அதன் பிறகு சுற்றுலாக் கப்பல். எட்டு மாதம் கப்பல், நான்கைந்து மாதம் வீடு. அப்படி ஆறு முறை போய் வந்தான்.

மூன்றாவது முறை போனபோது கப்பல் குழுவுக்கு அவனே அரேஞ்சர் ஆனான். ஒரு மெட்டை எடுத்து, ஏழு பேரில் யார் எதை வாசிப்பது, யார் எங்கே மூச்சு விடுவது, யார் எங்கே சும்மா இருப்பது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தாளில் எழுதித் தருவது அந்த வேலை. ஒத்திகை நேரத்து வீடியோ காலில் அம்மா குழுவைப் பார்த்துவிட்டு ஒருமுறை கேட்டார்.

"எல்லாரும் ஊதுறாங்க. நீ மட்டும் ஏன்டா சும்மா நிக்கிற?"

"நான் நிக்கணும்னு நாந்தாம்மா எழுதினேன்."

"உனக்கே நீ வேலை குடுத்துக்க மாட்டியா?"

"பொறு. வருது பாரு."

வந்தது. எல்லோரும் ஓய்ந்த இடத்தில் நான்கு அளவுகள், அதாவது நான்கு தாளச் சுற்றுகள், அவன் மட்டும் வாசித்தான். சுரம் உச்சத்துக்குப் போகும் இடம் அது. மெதுவாக, யாரையும் எழுப்பக் கூடாது என்பதுபோல. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் அந்த நான்கு அளவுகள் முடிந்தபோது கையில் இருந்த டீ ஆறியிருந்ததைக் கவனித்தேன். அவனுடைய ஒவ்வொரு அரேஞ்ச்மென்ட்டிலும் தனக்கென்று அப்படி ஒரு இடம் வைத்திருப்பான்.

ஆறாவது பயணத்துக்கும் ஏழாவது பயணத்துக்கும் நடுவே, மார்ச் மாதத்தில் அந்த விபத்து. எங்கள் பக்கம் அப்போது உளுந்து அறுப்பார்கள். செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறி உளுந்து உதிரும். மெல்லிசைக் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கும் நண்பனின் பைக்கில் அண்ணன் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறான். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வளைவில் உளுந்துச் செடிமேல் முன்சக்கரம் வழுக்க, நண்பன் பிரேக் போட, அண்ணனின் முகம் நண்பனின் ஹெல்மெட்டில் போய் மோதியது. அண்ணன் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை.

மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும், அவற்றுக்கு இடப்பக்கம் ஒன்றும் போயின. உதட்டின் உள்பக்கம் கிழிந்து தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் நண்பன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"மச்சான், என் ஹெல்மெட்டு பின்னாடி உன் பல்லு பதிஞ்சிருக்குடா. நான் அத எப்பிடிப் போட்டுக்கினு போவேன்?"

அண்ணனால் பேச முடியவில்லை. போனில் தட்டச்சு செய்து காட்டினான்: "கழுவிட்டுப் போட்டுக்க."

அடுத்த செய்தி தங்கையான எனக்கு. ஆகஸ்டில் கப்பலில் சேர வேண்டும். அடிபட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி புதிதாக ஒரு வீடியோ கேட்கும், ஜூன் கடைசிக்குள். அதில் அவன் பழையபடி வாசித்தால் வேலை உண்டு, இல்லையென்றால் இன்னொருவனுக்குப் போய்விடும். குழுவும், அவன் எழுதிய தாள்களும் சேர்ந்து போய்விடும்.

நான் பயப்படவில்லை. காரணம் இருந்தது. டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் ஐந்து பேருடைய பல் அச்சு எடுத்து மாடல் செய்து வரச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவன் அண்ணன். வீட்டு முற்றத்தில் உட்கார வைத்து, அச்சு மாவு குழைத்து வாயில் வைத்தபோது வாந்தி எடுக்கப் போனான். அந்த மாடலை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. லேபில் என் மேசைக்கு மேல் அலமாரியில், கல்போல இறுகும் மஞ்சள் மாவில், அவன் பற்கள் இருபத்தெட்டும் அப்படியே இருந்தன. "கவலப்படாதம்மா, அவன் பல்லு எங்கிட்ட இருக்கு" என்று ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் சொன்னேன். அதைப் பெருமையாகச் சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும்.

அவனுடைய இடது முன்பல் திருகியிருந்தது. ஒரு ஓரம் முன்னால் துருத்திக்கொண்டு, பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருக்கும். சின்ன வயதில் அத்தை பிள்ளைகள் அதை வைத்து அவனைக் கேலி செய்வார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க ஆரம்பித்த பிறகு அம்மாவுக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது. போட்டோவில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொல்வார்.

"எப்பிடியும் புதுசுதான செய்யப்போற. அந்தக் கோணப்பல்ல நேராக்கிடு. கர்த்தர் ஒரு கதவ சாத்துனா…" என்று தொடங்கிய அம்மா, அண்ணனின் வீங்கிய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணனிடம் கேட்டேன். "நேரா வெச்சிடட்டுமா?" அவன் தட்டச்சு செய்தான்: "உன் இஷ்டம். நல்லா பண்ணு."

பல் மருத்துவர் ஒரு பெண்மணி, கடலூரில் கிளினிக் வைத்திருப்பவர். இரண்டு பக்கமும் மிச்சமிருந்த பற்களைத் தேய்த்து, அவற்றின்மேல் உட்காரும்படி ஐந்து பல் பிரிட்ஜ் ஒன்று கேட்டார். அவருடைய சீட்டில் இருந்தவை: நிறம், நீளம், திங்கட்கிழமை. வடிவத்தை என்னிடம் விட்டுவிட்டார். "உங்க அண்ணன்தானே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

இனி நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஒரு பழைய மாடலை வைத்து வேலை செய்யும்போது முதல் விதி, அதை நகல் எடுப்பது. நகலில்தான் கை வைக்க வேண்டும். மூலத்தைத் தொடக்கூடாது. முதல் வாரமே சொல்லித்தரும் விதி. அன்று நகல் எடுக்கும் சிலிக்கான் தீர்ந்திருந்தது, வருவதற்கு இரண்டு நாளாகும். அன்று வெள்ளிக்கிழமை. இவை இரண்டும் உண்மை. மூன்றாவதும் உண்மை: புதியது இதைவிட நன்றாக இருக்கப்போகிறது, பழையது இனி எதற்கு என்று நினைத்தேன். ஹேண்ட்பீஸை எடுத்து, மஞ்சள் கல்லில் துருத்திக்கொண்டிருந்த அந்த ஓரத்தைத் தேய்த்தேன். மெழுகு வைத்து நேராக்கினேன். தூசியை ஊதிவிட்டு, தள்ளி வைத்துப் பார்த்தேன். அழகாக இருந்தது.

அந்த வடிவத்தையே பீங்கானில் செய்து திங்கட்கிழமை கொடுத்தேன். புதன்கிழமை மருத்துவர் அதை நிரந்தரமாக ஒட்டினார். கண்ணாடியில் அண்ணன் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். அம்மா உடனே பக்கத்து ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய், பற்கள் தெரியச் சிரிக்கும் போட்டோ ஒன்று எடுத்துவந்தார். கல்யாணத் தரகர் அதைப் பார்த்து, "மாப்ள சினிமாக்காரர் கணக்கா இருக்காரே" என்றார். ஒரு வாரம் எல்லோரும் என் வேலையைப் பாராட்டினார்கள்.

தையல் ஆறி, மருத்துவர் அனுமதி கொடுத்த நாளில் முன்னறையில் நின்று ட்ராம்போனை எடுத்தான். முதலில் காற்று வந்தது. சத்தம் அதன் பின்னால், வழி தெரியாமல் வந்ததுபோல் வந்தது. மறுபடி ஊதினான். கீழ்ச் சுரங்கள் நிலைத்து வந்தன. மேலே போகப் போக ஓரத்தில் காற்று கசியும் ஒலி, பஸ் டயரில் ஆணி ஏறியதுபோல. நடு உயரத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"பழகிடும்ணா. புதுப்பல்லு இல்லியா" என்றேன்.

தினமும் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். நான்கு வாரம். உதடு தடித்தது. உள்ளே புண் வந்தது. பக்கத்து வீட்டு மாமா வேலியோரம் நின்று, "தம்பி இப்பத்தான் கத்துக்கிறாப்லயா?" என்று உண்மையாகவே கேட்டார். அண்ணன், "ஆமா மாமா" என்றான்.

ஜூன் தொடக்கத்தில் ஏஜென்சியிடம் பேசி, ஜூன் கடைசி என்ற கெடுவை ஜூலை நடுவரை தள்ளி வாங்கினான். அந்த வாரம் பஸ்ஸில் வரும்போது, அவன் கப்பலிலிருந்து அனுப்பிய போட்டோக்களைப் போனில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவன் உதட்டில் ட்ராம்போனின் வாய்முனை நடுவில் இல்லை. இடது பக்கம் தள்ளியிருந்தது. எல்லாவற்றிலும். புதுச்சத்திரத்திலிருந்து மஞ்சக்குப்பம் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். ட்ராம்போனில் சத்தத்தை உண்டாக்குவது உதட்டின் நடுக்கம். உதடு நடுங்க, அதற்குப் பின்னால் பிடிமானம் வேண்டும். அவன் உதடு பதினெட்டு வருடமாக அந்தத் திருகிய பல்லின் ஓரத்தில் தங்கியிருக்கிறது. நான் அந்த ஓரத்தைத் தேய்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவன் நாக்கால் பற்களின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தான்.

"எனக்கே தெரியாது பாரு. அதுலதான் வாசிச்சேன்னு." பிறகு முகம் தெளிந்தது. "சரி, ஒண்ணும் மோசம் இல்ல. பழைய மாடல் இருக்குல்ல? அதப் பாத்து அப்பிடியே செஞ்சிடு."

"இல்லண்ணா."

"எங்க போச்சு?"

"அதத்தான் தேய்ச்சேன்."

"வேற காப்பி?"

"எடுக்கல."

அவன் சிரித்தான், நான் செய்த பற்கள் எல்லாம் தெரிய. "பெரிய டெக்னீஷியன்" என்றான்.

உள்ளே இருந்து அம்மா, "என்னாத்துக்குடா சிரிக்கிற?" என்று கேட்டார்.

மருத்துவர் பிரிட்ஜை வெட்டி எடுத்தார். பீங்கான் வெட்டும் சத்தம் எனக்குப் பழக்கம். அன்று வெளியே போய் நின்றேன். "ஒருவாட்டி வெட்டியாச்சு. இன்னொருவாட்டி வெட்டினா உள்ள இருக்கிற பல்லு தாங்காது. அதனால பிளாஸ்டிக்ல செஞ்சி ட்ரையல் பாருங்க. சரின்னு ஆனப்புறம் ஒட்டலாம். ஆனா மாசக்கணக்கா இழுக்காதீங்க" என்றார்.

பிளாஸ்டிக் பற்களைக் கழற்றி மாட்டலாம். நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். வழிகாட்டியாக இருந்தவை: போட்டோக்கள், அவன் நாக்கின் ஞாபகம், என் கண்ணின் ஞாபகம். நண்பனிடமிருந்து அந்த ஹெல்மெட்டைக்கூட வாங்கிப் பார்த்தேன். இரண்டு கீறல் இருந்தது, அவ்வளவுதான். முதல் பல்லில் ஓரம் அரை மில்லிமீட்டர் முன்னால். பிறகு முக்கால். பிறகு முக்காலோடு கொஞ்சம் திருகல். ஒவ்வொன்றையும் சோதிக்க ஒரு தாள் தயாரித்தேன். அதில் ஐந்து வரிகள்: கீழ்ச் சுரம், நீளமாக. கீழிருந்து மேலே, நிறுத்தாமல். மேல் சுரம், சத்தமாக. மேல் சுரம், மெதுவாக. இருபது நிமிடம், இடைவிடாமல். வாசித்து முடித்ததும் அவனே டிக் போடுவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து லேபுக்கு வருவோம். யாரும் இருக்கமாட்டார்கள். நான் பல்லை மாட்டிவிடுவேன், அவன் ஜன்னல் பக்கம் திரும்பி வாசிப்பான். நான் அவன் வாயைப் பார்ப்பேன். மூன்றாவது பல்லில் இரண்டு டிக். ஐந்தாவதில் மூன்று. அன்று இருவரும் வடக்கு வீதியில் போய்ப் புரோட்டா சாப்பிட்டோம். ஆறாவதில் மறுபடி இரண்டு. ஐந்தாவதையே திரும்ப மாட்டியபோது அதிலும் இரண்டுதான் வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: இதற்குள் அவன் உதடும் மாறிக்கொண்டிருந்தது. நான் நகரும் ஒரு இடத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

ஜூலை நடுத்தேதி போய்விட்டது. ஏஜென்சிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். வாசிக்க வேறொருவரை எடுக்கிறோம், அரேஞ்ச்மென்ட்டுகளை மட்டும் நீங்கள் தொடர்ந்து எழுதித் தர முடியுமா என்றார். அண்ணன் யோசிக்க ஒரு வாரம் கேட்டான்.

அந்த வார முடிவில் ஒன்பதாவது பல். மாட்டினேன். கீழ்ச் சுரம் வாசித்தான், நன்றாக இருந்தது. கீழிருந்து மேலே போனான், ஓர் இடத்தில் உடைந்து சேர்ந்தது. மேல் சுரத்தைச் சத்தமாக வாசித்தான், வந்தது. பிறகு ட்ராம்போனைக் கீழே வைத்தான். பேனாவை எடுத்து ஐந்து வரிகளுக்கும் டிக் போட்டான்.

"இதான். இதையே செஞ்சிடு."

நான்காவது வரியையும் ஐந்தாவது வரியையும் அவன் வாசிக்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். அடுத்த வாரம் பீங்கானில் செய்து கொடுத்தேன், மருத்துவர் ஒட்டினார்.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு நடந்தோம். கெடிலம் பாலத்தில் ஏறியபோது கேட்டேன்.

"ரெண்டு லைன் நீ வாசிக்கவே இல்ல."

"தெரியும்."

"அப்புறம் ஏன் டிக் போட்ட?"

"வாரா வாரம் எதிர்ல நின்னு என் வாயையே பாத்துக்கினு இருக்க. எக்ஸாம் ஹால்ல நிக்கிற மேடம் மாதிரி. இன்னும் ஒம்போது செஞ்சாலும் அப்பிடித்தான் நிப்ப. என்னால முடியல பாப்பா."

ஒரு லாரி போகும்வரை காத்திருந்தேன்.

"எம்மேல கோவமா?"

"ஆமா."

"போவுமா?"

"தெரில. இப்ப இருக்கு." அதைச் சொல்லிவிட்டு, வெயில் அடிக்கிறது என்று என்னை நிழல் பக்கம் வரச் சொன்னான்.

ஊரில் கேட்பவர்களிடம் உதட்டில் தையல் போட்டதால் வாசிக்க முடியவில்லை என்று சொல்கிறான். அம்மாவிடமும் அதையே சொன்னான். மருத்துவரும் அது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். இருக்கலாம். எனக்குக் கிடைத்த அந்தச் சாக்கில் நான் போய் ஒளிந்துகொள்ளவில்லை. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், "நாந்தான நேராக்கச் சொன்னேன்" என்றார். இப்போது மூன்று பேர் ஆளுக்கொரு பக்கமாக அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிறோம். பெண் பார்ப்பதை அண்ணன் நிறுத்தச் சொல்லிவிட்டான்.

ஏஜென்சிக்கு அவன் சம்மதம் சொன்னான். காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுதுகிறான். ட்ராம்போன் அதன் பெட்டியில், அவன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எழுதி முடித்த தாள்களில் விட்டுப்போனது இருக்கிறதா என்று நான் சரிபார்ப்பேன். சுரம் தெரியாவிட்டாலும் அளவுகளை எண்ணத் தெரியும். நான் கேட்காமலே அவன் அந்த வேலையை எனக்குக் கொடுத்தான்.

அக்டோபரில் கப்பலில் இருந்த புது ட்ராம்போன்காரன் செய்தி அனுப்பினான். எங்கோ வடக்கே உள்ள ஊர்க்காரன், சின்ன வயது, பணிவாக எழுதியிருந்தான். எல்லோரும் ஓய்ந்தபின் வரும் அந்த நான்கு அளவுகள் தனக்கு மிக உயரமாக இருக்கின்றன, மெதுவாக வாசிக்க வரவில்லை, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் உடைகிறது, கொஞ்சம் இறக்கித் தர முடியுமா என்று கேட்டிருந்தான்.

அண்ணன் அந்தச் செய்தியை எனக்குக் காட்டினான். அன்று முழுக்கப் பதில் அனுப்பவில்லை. மறுநாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டர் முன் இருந்தான். அந்த நான்கு அளவுகளையும் திரையில் வைத்து, ஒவ்வொரு சுரமாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தான். இறக்கி முடித்ததும் என்னைக் கூப்பிட்டான்.

"எண்ணிப் பாரு. நாலு இருக்கா?"

எண்ணினேன். நான்கு இருந்தது. அனுப்பிவிட்டான்.